தோளில் இருந்த கை

எங்கட பக்கத்து ஸ்ரூடியோக்களில் செத்தவர்களுக்குக் கோட் போட்டுவிடுவது ஒரு வழக்கம். வாழ்நாள் முழுக்கச் சாரத்தோடும் தோளில் துவாயோடும் திரிந்த அப்பு, அந்தியேட்டிக் கல்வெட்டின் முதல் பக்கத்தில் ரை கட்டிக்கொண்டு, பின்னால் நீல வானமும் வெள்ளை முகிலுமாக நிற்பார். அடையாள அட்டைப் படத்தில் கழுத்துக்கு மேலே வெட்டி, யாரோ ஒருவருடைய கோட்டுக்குள் பொருத்திய வேலை அது. கழுத்தின் நிறமும் முகத்தின் நிறமும் ஒட்டாது. ஆனாலும் வீட்டாக்கள் குறை சொல்வது குறைவு. "அப்பு வடிவா இருக்கிறார்" எண்டுதான் சொல்லுவினம்.

கம்பஸ் விடுமுறைகளில் நான் இப்படியொரு கடையில்தான் வேலை செய்கிறேன். வரலாறு படிக்கிறவளுக்கு போட்டோஷொப்பில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கென்றால் இரண்டும் அவ்வளவு தூரத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

ஒருவரை ஒரு படத்திலிருந்து எடுத்து இன்னொரு படத்தில் வைக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சுற்றியிருப்பதை இறேசரால் அழிப்பது. சேவ் பண்ணி மூடிவிட்டால் அழித்தது போனதுதான். மற்றது லேயர் மாஸ்க். படத்தின் மேல் கறுப்பு வெள்ளையில் இன்னொரு படம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் வெள்ளை பூசிய இடம் தெரியும், கறுப்பு பூசிய இடம் மறையும், சாம்பல் பூசினால் பாதி தெரியும் பாதி தெரியாது. பூசுவது மாஸ்க்கில்தான், படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது.

கொம்பியூட்டர் வர முதலே இந்த யோசனை இருந்தது. 1857இல் ரெய்லாண்டர் என்ற புகைப்படக்காரர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் ஆக்கினார். 1898இல் மெலியேஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தன்னுடைய தலையைத் தானே கழற்றி மேசையில் வைக்கிற மாதிரி ஒரு சினிமா எடுத்தார். கறுப்பாக விட்ட இடத்தில் பிலிமில் ஒளி படாது, அதே பிலிமைத் திருப்பிச் சுற்றி அந்த இடத்தில் வேறொன்றை எடுக்கலாம். எங்கட கடையில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான், கொஞ்சம் மலிவாக.

இப்போது ஒரு பட்டனை அமத்தினால் பின்னணி தானாகப் போய்விடும். புதுப் படமென்றால் நல்லாத்தான் செய்யும். பழைய படங்களைக் கொடுத்தால் காதையும் சேர்த்து வெட்டும், எண்ணெய் வைத்து இழுத்த தலைமுடியைத் தொப்பி மாதிரி ஆக்கும். அதனால் உடம்பின் ஓரத்தைப் பென் டூலால் எடுத்து, முடியைச் சின்ன பிரஷ்ஷால் சாம்பல் பூசிப் பூசித்தான் எடுக்கவேண்டும்.

போன விடுமுறையில் அறுபது வயதளவில் ஒரு அன்ரி வந்தா. 1995இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது அவவின் வீட்டு அல்பங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. மிச்சமிருந்தது அம்மா அப்பாவின் ஸ்ரூடியோ படம் ஒன்று. அண்ணாவின் படம் ஒன்றுமே இல்லை. கனடாவில் இருக்கிற மச்சாள் தன்னுடைய கலியாண அல்பத்திலிருந்து ஒரு குறூப் படத்தைக் கழற்றி அனுப்பியிருந்தா. அதில் ஓரத்தில் நிற்கிறவர்தான் அண்ணா.

"இவரை அம்மா அப்பாக்குப் பக்கத்தில நிப்பாட்டித் தாறியோ பிள்ளை?"

முகம் ஒரு சென்ரிமீற்றர் உயரம். 600 டீபிஐயில் ஸ்கேன் பண்ணினால் 236 பிக்சல் வரும். கொஞ்சம் பெருப்பித்தால் காணும். சிக்கல் வெளிச்சத்தில் இருந்தது. அண்ணாவின் முகத்தில் வெயில் இடப்பக்கத்தால் விழுகிறது, அம்மா அப்பாவுக்கு ஸ்ரூடியோ லைட் வலப்பக்கத்தால். கடை அண்ணை சுலபமாகச் சொன்னார், "படத்தைத் திருப்பிப் போடு தங்கச்சி, சரி வரும்." வெளிச்சம் சரி வரும்தான். ஆனால் வகிடு மற்றப் பக்கம் போகும், சேட் பொக்கற் வலப்பக்கம் போகும். முப்பது வருசமாகப் படமே இல்லாமல் ஒரு முகத்தை ஞாபகம் வைத்திருந்த ஒருத்திக்கு அது அண்ணாவாகத் தெரியாது. நான் திருப்பவில்லை. நிழலை மெதுவாக வெளிறச் செய்து, மற்றக் கன்னத்தைக் கொஞ்சம் இருட்டாக்கி, நிறத்தை அம்மா அப்பாவின் படத்தின் மஞ்சளுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பின்னேரம் முழுக்க எடுத்தது.

பிறகு அந்தக் கை. அண்ணாவின் தோளில் பக்கத்தில் நின்றவரின் நாலு விரல்கள் இருந்தன. அவரை மாஸ்க்கால் மறைத்தால் விரல்கள் மட்டும் ஆளில்லாமல் தோளில் நிற்கும். விரல்களையும் மறைத்தால் அந்த இடத்தில் ஓட்டை. விரலுக்குக் கீழே இருந்த சேட்டைக் கமரா காணவே இல்லை, மாஸ்க்கால் அதைத் தரமுடியாது. மற்றத் தோளிலிருந்து துணியைக் கொப்பி பண்ணி அடைத்தேன். அந்தப் படத்தில் நான் சொந்தமாக உண்டாக்கியது அந்த நாலு விரல் அகலத் துணி மட்டும்தான். கோட் போடுகிற கடையில் இது ஒரு விசயமே இல்லை. எனக்கு மட்டும் கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

அன்ரி வந்து பார்த்தா. கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு திரையில் தோளைத் தொட்டு, "இதில கை ஒண்டு இருந்ததெல்லோ?" என்று கேட்டா.

ஷிப்ட்டை அமத்திக்கொண்டு மாஸ்க்கில் ஒரு கிளிக் பண்ணினேன். மாஸ்க்கின் மேல் சிவப்புப் புள்ளடி விழுந்தது. பந்தலும் வாழைமரமும் பக்கத்தில் நின்றவரும் அவரின் கையும் திரும்பி வந்து, அம்மா அப்பாவின் படத்துக்கு மேலேயே நின்றன. அடைத்த துணி வேறு லேயரில் இருந்தது, அதையும் மறைத்துவிட்டேன்.

"அது அண்ணாவின்ர சிநேகிதன். ரெண்டு பேரும் ஒண்டாத்தான் போனவை. அவையின்ர வீட்டிலயும் படம் இருக்காது."

அம்மா அப்பாவோடு நிற்கிற படத்தைப் பெரிதாக பிறேம் போட்டு எடுத்துக்கொண்டா. அதோடு, கை இருக்கிற மாதிரி இரண்டு பேரையும் மட்டும் எடுத்து, பின்னால் பந்தலை விட்டு, இரண்டு பிறின்ட் கேட்டா. அதில் எனக்குப் பெரிய வேலை இல்லை, கீறல்களை மட்டும் எடுத்தேன்.

கடையில் டிஸ்க் நிரம்புகிறதென்று அண்ணை மாதக் கடைசியில் பிஎஸ்டி பைல்களை அழித்து, ஜேபெக்கை மட்டும் வைத்திருப்பார். ஜேபெக்கில் மாஸ்க் இருக்காது. அன்ரியைக் கேட்டு, அந்த பிஎஸ்டியை ஒரு பென்டிரைவில் போட்டு அவவின் கையில் கொடுத்துவிட்டேன். இதை என்னத்தில போட்டுப் பார்க்கிறது என்று கேட்டா. பேரன் ஒருத்தன் ஓஎல் எடுக்கிறானாம், அவனிடம் கொடுக்கச் சொன்னேன்.