கழுகுக் குன்றில் ஒரு புதையல் வேட்டை

செங்கல்பட்டுப் பக்கத்தில் மலையேறப் போகிறோம் என்று சொன்னால் கோயம்புத்தூர்க்காரர்கள் சிரிப்பார்கள். திருக்கழுக்குன்றத்து வேதகிரி ஐந்நூறு அடி உயரம்தான். ஊட்டியும் வால்பாறையும் பார்த்தவர்களுக்கு இது மலையா, மேடா என்றே சந்தேகம் வரும். ஆனால் பதினோரு மணி வெயிலில் அந்த 565 படிகளையும் ஏறிப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். சிரிப்பதற்கு மூச்சு இருக்காது.

எங்கள் கோஷ்டியில் மூன்று பேர்: நான், எழுபது தாண்டிய என் பெரியம்மா, கையில் செல்போனும் காலில் பூட்ஸுமாக வந்த என் அண்ணன் மகள். அவளுக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு. அதன் பெயர் ஜியோகேஷிங். பெரியம்மா வாயில் அது நுழையவே இல்லை.

விஷயம் சுலபம்தான். யாரோ ஒருவர் மலைப்பாதையிலோ காட்டிலோ ஒரு டப்பாவை மறைத்து வைக்கிறார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை மட்டும் ஊருக்குச் சொல்கிறார். செயற்கைக் கோள்களின் தயவில் இடத்தைக் கண்டுபிடித்துப் போகிறவர்கள், டப்பாவுக்குள் இருக்கும் நோட்டில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே மறுபடி வைத்துவிட வேண்டும். ஏதாவது சின்னச் சாமானை எடுத்துக்கொண்டால், அதற்கு ஈடாக வேறொன்றைப் போட வேண்டும். பாதை எவ்வளவு கடினம் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் உண்டு. கயிறு கட்டி ஏற வேண்டிய சிகரங்களுக்கு ஐந்து.

"உள்ளே என்னடி இருக்கும்? தங்கமா?" என்று கேட்டாள் பெரியம்மா.

"முதல் டப்பாவில் ஒரு பீன்ஸ் டின் இருந்தது, பாட்டி."

அது உண்மை. 2000ஆம் வருஷம் மே மாதத் தொடக்கத்தில், செயற்கைக் கோள் வழிகாட்டியின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்ததை அமெரிக்க அரசாங்கம் நிறுத்தியது. மறுநாளே, மே 3ஆம் தேதி, ஆரிகன் மாகாணத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் நோட்டு, பென்சில், புத்தகம், கவண், பீன்ஸ் டின் எல்லாம் போட்டு ஒளித்து வைத்தார். அதற்கு முன்பே இங்கிலாந்தில், டார்ட்மூர் மேட்டு நிலத்தில் 1854இல் ஒருவர் ஒரு புட்டியை வைத்து, வந்தவர்கள் தங்கள் முகவரிச் சீட்டைப் போட்டுவிட்டுப் போக வழி செய்தார். நெடுந்தூரம் நடந்து போய், 'நான் வந்தேன்' என்று எழுதிவிட்டு வர வேண்டும் என்ற ஆசை மனுஷர்களுக்குப் பழையது போலிருக்கிறது.

எவ்வளவு பழையது என்பது வேதகிரீசுவரரைத் தரிசித்துவிட்டு இறங்கும் வழியில் தெரிந்தது. அங்கே ஒருகல் மண்டபம் என்று ஒரு பல்லவர் காலத்துக் குடைவரை இருக்கிறது. தூண்களில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் மகள், "அத்தை, இங்கே வாங்களேன்!" என்று கூப்பிட்டாள். கல்லில் இங்கிலீஷ் எழுத்துக்கள். ஆனால் இங்கிலீஷ் இல்லை. எல்லாம் டச்சுப் பெயர்கள். பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொண்டு துணி வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள், 17ஆம் நூற்றாண்டில் இங்கே உல்லாசமாக வந்து, பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். நமது நெசவாளிகள் நெய்த மெல்லிய துணியை அவர்கள் கப்பலேற்றியதெல்லாம் மறந்து போயிற்று. இந்தக் கிறுக்கல் மறையவில்லை.

அவற்றின் பக்கத்திலேயே நம்மவர்களின் கைவரிசையும் உண்டு. இதய அடையாளம், அதற்குள் இரண்டு பெயர்கள். டச்சுக்காரன் கிறுக்கினால் சரித்திரம், நம்மவன் கிறுக்கினால் குற்றமா என்று யாராவது கேட்கலாம். இரண்டும் குற்றம்தான், ஒன்றுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவே. 1958ஆம் வருஷத்துத் தொல்சின்னச் சட்டம் 2010இல் கடுமையாக்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சிதைப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த டப்பாவுக்குள் இருக்கும் நாலணா நோட்டு எவ்வளவு கௌரவமான ஏற்பாடு என்று எனக்கு அங்கேதான் பட்டது.

உச்சியில் பெரியம்மா மட்டும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான புதிதில் இதே இடத்தில் கழுகுகளைப் பார்த்தவள் அவள். உச்சி வேளையில் பண்டாரம் கிண்ணத்துடன் பாறையில் உட்காருவாராம். எங்கிருந்தோ இரண்டு வெள்ளைப் பறவைகள் வந்து, சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போகுமாம். காலையில் காசியில் ஸ்நானம், பகலில் இங்கே ஆகாரம், ராமேசுவரத்தில் தரிசனம், ராத்திரி சிதம்பரத்தில் வாசம் என்பது ஐதிகம். பறவை சாஸ்திரம் படித்தவர்கள் அதை மஞ்சள்முகப் பாறு என்பார்கள்.

1990களின் இறுதியோடு அவை வருவது நின்றுவிட்டது. அந்தப் பத்தாண்டில் இந்தியா முழுவதும் பாறுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. மாடுகளின் வலிக்குப் போட்ட டைக்ளோபினாக் என்ற மருந்து, செத்த மாட்டைத் தின்ற பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்ததை 2004இல் கண்டறிந்தார்கள். 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து இங்கே தடை செய்யப்பட்டது. பெரியம்மா சொல்லும் காரணம் வேறு: "கலி முற்றிவிட்டது." நான் வாதாடவில்லை.

கீழே சங்கு தீர்த்தத்தில் அவளுக்குச் சமாதானம் கிடைத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இந்த நன்னீர்க் குளத்தில் சங்கு பிறக்கும் என்பார்கள். 2011இல் வந்தது, பிறகு 2024 மார்ச்சில் வந்தது. "இதற்கு உன் செல்போன் வழி காட்டுமா?" என்று பேத்தியைக் கேட்டாள். பதில் இல்லை.

மறுநாள் மாமல்லபுரம். அர்ஜுனன் தபசையும் கடற்கரைக் கோயிலையும் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் விட்டுவிடுகிறேன். வடக்கே சாளுவன்குப்பத்துக்குப் போங்கள். 2004 டிசம்பர் சுனாமி அங்கே மணலை வாரிக்கொண்டு போனபோது, ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. திருவிழிச்சில் என்ற ஊரில் ஒரு முருகன் கோயிலுக்குத் தானம் கொடுத்த சேதி அதில் இருந்தது. ஊரும் தெரியவில்லை, கோயிலும் தெரியவில்லை. தொல்பொருள் துறையினர் அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்து மணல்மேட்டைத் தோண்டினார்கள். 2005இல் கோயில் கிடைத்தது. பல்லவர் காலக் கட்டடம். அதற்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். வடக்கு பார்த்த சந்நிதி. முன்னால் ஒரு கல் வேல்.

அண்ணன் மகள் வாயைப் பிளந்து நின்றாள். கல்லில் குறிப்பு எழுதி வைத்து, மணலில் டப்பாவை மூடி, ஆயிரம் வருஷம் காத்திருந்த விளையாட்டல்லவா இது!

அங்கே கிடைத்த கல்வெட்டுக்களில் ஒன்று, வசந்தனார் என்ற பெண்மணி விளக்கெரிக்க 16 கழஞ்சு பொன் கொடுத்ததைச் சொல்கிறது. பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு, "கழஞ்சு என்றால் எத்தனை சவரன்?" என்று கணக்குப் போட ஆரம்பித்தாள். பஸ் வரும் வரையில் கணக்கு முடியவில்லை.