இது உங்கட முறை இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறோம், நாங்கள் இரண்டு பேர். கலைப்பீடம், ஒரே பட்ச், ஒரே போர்டிங் அறை. கீழே வருகிற பிழையை இருவரும் சேர்ந்துதான் விட்டோம். அதனால் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம்.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்த ஆக்களுக்கு அந்த மேசை ஞாபகம் இருக்கும். நாலு பெடியள் சுற்றியிருந்து கட்டை உருட்டி, கண்ணுக்குத் தெரியாத பூதத்தோடு சண்டை பிடிப்பார்கள். அந்த விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம் எடுப்பார்கள். ஒருவர் மட்டும் பாத்திரம் எடுக்காமல் கதையைச் சொல்வார், எதிரிகளை ஆட்டுவார், விதியில் சந்தேகம் வந்தால் தீர்ப்பும் சொல்வார். அவர்தான் கேம் மாஸ்டர். எங்கட கூட்டத்தில் அந்த வேலைக்கு ஒருவரும் முன்வராததால் நாங்கள் இருவரும் பாதி பாதியாக எடுத்தோம்.

5ஆம் பதிப்பின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம். இறக்கிப் பார்த்தால் நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். சோதனைக்கு நொட்ஸ் பிரிக்கிற மாதிரிப் பிரித்தோம். ஒன்பதாம் அத்தியாயம் சண்டை, அது ஒருத்திக்கு. பத்தாம் அத்தியாயம் மந்திரம், அது மற்றவளுக்கு. 'நீ உன்ர பாதியைப் படி, நான் என்ர பாதியைப் படிக்கிறன், அண்டைக்குப் பாப்பம்.' இப்படிப் படித்து நாங்கள் பாஸ் பண்ணின பாடங்களும் உண்டு.

சண்டை அத்தியாயம் படிக்கச் சுகமாகத்தான் இருந்தது. இந்த விளையாட்டை 1974இல் வெளியிட்ட கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாட்டு ஆடிய ஆட்கள். அதனால் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. சண்டை தொடங்கினதும் எல்லாரும் இருபது முகக் கட்டையை உருட்ட வேண்டும். கூடின எண்ணிலிருந்து குறைந்த எண்ணுக்கு முறை வரிசை எழுதப்படும். ஒரு சுற்று என்பது கதைக்குள் 6 செக்கன். உங்கட முறை வந்தால் 30 அடி நடக்கலாம், ஒரு காரியம் செய்யலாம். அடிப்பதென்றால் உருட்டின எண்ணோடு உங்கட பலத்தைக் கூட்ட, அது எதிரியின் கவச எண்ணைத் தொட வேண்டும். தொட்டால் அடி விழும்.

அந்த முறை வரிசை எங்களுக்கு நல்லாகப் பிடித்துவிட்டது. டியூட்டோரியலில் ஒரு நாளும் வாய் திறக்காத ஆளுக்கும் இங்கே முறை வரும். மற்ற எல்லாரும் பேசாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதைவிட நீதியான விதி என்ன இருக்கு எண்டு அறையில் கதைத்துக்கொண்டோம்.

மந்திர அத்தியாயம்தான் தலையைச் சுற்ற வைத்தது. மந்திரவாதிக்கு மந்திரம் தெரிந்தால் மட்டும் போதாது. தெரிந்ததில் சிலவற்றைக் காலையில் ஆயத்தம் செய்ய வேண்டும். செய்ததை விட, போட ஒரு 'ஸ்லொட்' செலவாகும். கன்டீன் டோக்கன் மாதிரி யோசித்ததும்தான் விளங்கியது. பலகையில் நாலு சாப்பாடு எழுதியிருக்கும், உங்கட கையில் இரண்டு டோக்கன். ஒரே சாப்பாட்டை இரண்டு தரம் எடுக்கலாம், வெவ்வேறாகவும் எடுக்கலாம். டோக்கன் முடிந்தால் இரவு படுத்தெழும்பும் வரைக்கும் இல்லை. சின்ன மந்திரங்கள் சிலதுக்கு டோக்கனே தேவையில்லை, அது பிளேன்டீ. போட்டவுடன் மந்திரம் மனதிலிருந்து அழிந்துபோகும் என்கிற பழைய எண்ணம் ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரின் கதைகளிலிருந்து வந்ததாம். 5ஆம் பதிப்பில் அதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை, பட்ச் நண்பி ஒருத்தியின் வீட்டு விறாந்தையில் தொடங்கினோம். இருபது முகக் கட்டை இல்லை. பால்மா ரின்னுக்குள் 1 முதல் 20 வரை எழுதின துண்டுகள். பிறிஸ்டல் போட்டில் கீறின ஒவ்வொரு கட்டமும் 5 அடி. புளியங்கொட்டைகள் கொப்ளின்கள், சட்டைப் பொத்தான்கள் எங்கட வீரர்கள். விளையாட வந்தது நாலு பேர். மூன்று பேர் எங்கட பட்ச். நாலாவது, நண்பியின் ஊர்க்காரி, முதலாம் வருடம். அவள் மந்திரவாதியை எடுத்தாள். கொப்பித்தாளில் தன் மந்திரங்களைச் சின்ன எழுத்தில் வடிவாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

காட்டுப் பாதையில் நாலு கொப்ளின்கள் மறிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கவச எண் 15, உயிர்ப் புள்ளி 7. அவளின் முறை வந்ததும் அவள் யோசிக்க முதலே வாள்வீரன் எடுத்த பட்ச்காரன், 'மஜிக் மிசைல அடியும், அந்தா அதுக்கு' என்றான். அவள் தலையாட்டினாள். மூன்று அம்பு, குறி பார்க்க உருட்டத் தேவையில்லை, கூட்டினால் 9. கொப்ளின் சரி. எல்லாரும் கைதட்டினோம். ஒரு டோக்கன் போய்விட்டது.

அதன் பிறகு கொப்ளின்கள் அவளைக் குறிவைத்தன. மந்திரவாதிக்கு உயிர்ப் புள்ளி 8தான். முதல் அம்பில் 4 போனது. அடுத்த கொப்ளினுக்கு ரின்னிலிருந்து 11 எடுத்தோம். அதன் பலம் 4, மொத்தம் 15. அவளின் கவச எண் 12. 'பட்டிட்டுது' என்றோம்.

'அக்கா, ஒரு...' என்று கொப்பித்தாளைத் தூக்கினாள்.

'இது உங்கட முறை இல்லை. பொறுங்கோ.'

அவள் தாளைக் கீழே வைத்தாள். 6 சேதம். உயிர்ப் புள்ளி 0. 'மந்திரவாதி செத்துப்போச்சு' என்று அறிவித்தோம். பொத்தானைப் போட்டிலிருந்து எடுத்து அவளின் கையிலேயே கொடுத்தோம். மிச்ச ஒன்றரை மணித்தியாலம் அவள் சுவரோடு சாய்ந்திருந்து மற்றவர்கள் விளையாடினதைப் பார்த்தாள். போகும்போது 'நல்லா இருந்தது அக்கா' என்றாள். அடுத்த கிழமை வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் அசைன்மென்ட் இருக்கு என்று மெசேஜ் வந்தது.

மூன்றாவது கிழமை அத்தியாயங்களை மாற்றிப் படித்தோம், மற்றவளின் பாதியும் தெரிந்திருக்கட்டும் என்று. அப்போதுதான் வயிறு எரிந்தது.

சண்டை அத்தியாயத்தில் 'எதிர்வினை' என்று ஒன்று இருக்கிறது. முறை வராதபோதும், ஒன்று நடந்தவுடன், ஒரு சுற்றுக்கு ஒரு தரம் குறுக்கே செய்யக்கூடியது. அது தப்பி ஓடுபவனுக்குப் பின்னாலிருந்து அடிப்பதற்கு மட்டும் என்று எங்களில் ஒருத்தி நினைத்துவிட்டாள். மந்திரப் பட்டியல் அகரவரிசையில் நீளம் என்பதால் மற்றவள் அதைக் கடைசி வரை பார்க்கவில்லை. அந்தக் கடைசிப் பக்கங்களில்தான் 'ஷீல்ட்' இருந்தது. அடி பட்ட அந்தக் கணத்தில் எதிர்வினையாகப் போடுகிற மந்திரம். கவச எண் 5 கூடும், பட்ட அடிக்கும் சேர்த்து. 12, 17 ஆகும். 15 படாது. அவளிடம் இன்னும் ஒரு டோக்கன் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. 0 என்றால் சாவு இல்லை. மயக்கம். ஒவ்வொரு முறையும் உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்குமேல் வந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றியென்றால் நிலைமை சீராகும், மூன்று தோல்வியென்றால்தான் சாவு. 20 விழுந்தால் ஓர் உயிர்ப் புள்ளியோடு எழும்பலாம். இது சண்டை அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. அதைப் படிக்கவேண்டிய இரவு நித்திரை வந்துவிட்டது.

நூலகத்துக்கு வெளியே அவளைப் பிடித்துச் சொன்னோம். 'நாங்கள் விட்டது பிழை. உங்கட ஆள் சாகேல்ல.'

'தெரியும் அக்கா.'

'தெரியுமோ?'

'ரெண்டும் வாசிச்சனான். சீனியர் நீங்கள் சொல்லேக்க என்னெண்டு சொல்லுறது?'

எங்களுக்குப் பதில் வரவில்லை. நாங்கள் ஒருவரையும் பகிடிவதை செய்ததில்லை. அதில் எங்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது. எங்கட முதலாம் வருடத்தில், பிழை என்று தெரிந்தும் எத்தனை இடங்களில் 'ஓம் அக்கா' சொல்லிக்கொண்டு நின்றோம் என்பதும் ஞாபகம் இருந்தது. ஆனால் அவள் தாளைக் கீழே வைத்த விதத்தை அப்போது கண்டுகொள்ளவில்லை. பத்து வார்த்தை கதைத்திருந்தால் தீர்ந்திருக்கும். அதைக் கதைக்க அவளுக்கு நாங்கள் இடம் கொடுக்கவில்லை. முறை வரிசை நீதியானது என்று நம்பியிருந்தோம். அந்த வரிசைக்கு வெளியேயும் கதைக்க விதி எழுதினவர்கள் இடம் வைத்திருந்தார்கள். நாங்கள் அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை.

அடுத்த சனி அந்தச் சண்டையை அதே அம்பிலிருந்து திருப்பித் தொடங்கினோம். முதலே இரண்டு விடயம் சொன்னோம். மற்றவரின் முறையில் ஒருவரும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லக்கூடாது. 'எதிர்வினை' என்று யார் சொன்னாலும் மேசை நிற்கும், அது விளையாட்டுக்குள்ளேயென்றாலும் சரி, எங்களைத் திருத்தவென்றாலும் சரி. வாள்வீரனுக்கு முதலாவது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. இரண்டு தரம் வாயைப் பொத்திக்கொண்டான்.

அவள் ஷீல்ட் போட்டாள். அம்பு படவில்லை.

மாலையில், பூசாரி மந்திரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவனுக்கு 8 சேதம். மனம் கலையாமலிருக்க 10 அல்லது சேதத்தின் பாதி, எது பெரிதோ அதைத் தொட வேண்டும். 8இன் பாதி 4, ஆகவே 10. நாங்கள் 8 என்றோம்.

'எதிர்வினை' என்றாள் அவள். குரல் கொஞ்சம் நடுங்கியது. 'அது பத்து, அக்கா.'

பத்துத்தான். பூசாரி 9 எடுத்தான். மந்திரம் கலைந்தது. பூசாரியை எடுத்த நண்பி அவளை முறைத்துப் பார்த்தாள், பிறகு சிரித்துவிட்டாள். அடுத்த கதையைத் தானே நடத்தப் போவதாக அவள் இப்போது சொல்லியிருக்கிறாள். விதிப் புத்தகத்தை முழுதாகப் படிக்கிறாளாம். நாங்கள் இருவரும் பாத்திரம் எடுக்க வேண்டும்.