4 மில்லிமீட்டர் முட்டைக்கோஸ், 21 மீட்டர் மைல்... குட்டி ரயிலுக்காக ஒரு கிராமத்தையே கட்டிய மனிதர்!

லண்டன் பேடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் டிட்காட் வந்துவிடும். அங்கிருந்து சில மைல் தள்ளி, தேம்ஸ் நதி வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது லாங் விட்டன்ஹாம். சின்ன ஊர்தான். வைக்கோல் கூரை வேய்ந்த வீடுகள், ஒரு பழைய சர்ச், தூரத்தில் தலையில் மரக்கூட்டத்தோடு நிற்கும் இரட்டைக் குன்றுகள். துப்பறியும் கதை வாசகர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: அகதா கிறிஸ்டி பல ஆண்டுகள் வாழ்ந்த வாலிங்ஃபோர்டு இங்கிருந்து பக்கம்தான்.

ஆனால், இந்த ஊருக்கு வருபவர்கள் தேடி வருவது கிறிஸ்டியை அல்ல. பெண்டன் மியூசியத்தை. உள்ளே ஓடுவது குட்டி ரயில். குழந்தைகள் ரயிலைப் பார்க்கத்தான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். கூட வரும் பெரியவர்களின் கண் மெள்ள ரயிலை விட்டு நகர்ந்துவிடும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு, வீட்டுக்குப் பின்னால் தோட்டம், தோட்டத்தில் முட்டைக்கோஸ். ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர். அதன் இலைகள் விரிந்திருக்கின்றன!

குதிரை மலையடிவாரத்தில் ஓர் ஆஸ்திரேலியர்

இதையெல்லாம் தொடங்கிவைத்தவர் ராய் இங்கிலாந்து. பெயரே இங்கிலாந்து, ஆனால் ஆள் ஆஸ்திரேலியர். 1925-ல் இளைஞராகக் கப்பலில் வந்து இறங்கியவருக்கு, 'வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ்' என்ற பள்ளத்தாக்குப் பகுதி மனதுக்குள் புகுந்துவிட்டது. அங்கே ஒரு மலைச்சரிவில், புல்லைச் செதுக்கி, பள்ளத்தில் சுண்ணாம்புக் கல்லை நிரப்பி வரைந்த ஒரு வெள்ளைக் குதிரை இருக்கிறது. சுமார் 110 மீட்டர் நீளம், ஏறத்தாழ 3,000 வருடப் பழைமை. பகுதியின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். அடிவாரத்தில் லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்குப் போகும் கிரேட் வெஸ்டர்ன் ரயில் பாதை. ரயில் என்றால் உயிரை விடும் ஒருவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் ராய் கண்ணில் பட்டது இன்னொன்றும்தான். கிராமம் மாறிக்கொண்டிருந்தது. வைக்கோல் கூரைகளைப் பிரித்துவிட்டு வேறு கூரை போட்டார்கள். பழைய ஜன்னல்கள் போயின. கார்களுக்காகச் சாலைகள் அகலமாயின. மாற்றியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒழுகாத கூரை யாருக்குத்தான் வேண்டாம்? நம் ஊரில் நாட்டு ஓட்டு வீட்டை இடித்து கான்கிரீட் போட்டவர்களிடம் கேட்டால் இதையேதான் சொல்வார்கள்.

ராய் அந்த வீடுகளை அளந்தார், படமெடுத்தார், நிறங்களைக் குறித்துக்கொண்டார். பிறகு அட்டையில் கட்ட ஆரம்பித்தார். 1954-ல் லாங் விட்டன்ஹாமில் 'த்ரீ பாப்லர்ஸ்' என்ற பழைய இடம் அவர் கைக்கு வந்தது. யூத் ஹாஸ்டலாகவும் இயங்கிய அந்த இடத்தில்தான் மியூசியம் பிறந்தது. அவர் கற்பனையாக ஒரு கிராமத்துக்கு 'பெண்டன் பார்வா' என்று பெயர் வைத்தார். வரைபடத்தில் தேடினால் அந்த ஊர் கிடைக்காது. ஆனால், அதில் உள்ள வீடுகள் பள்ளத்தாக்கின் வெவ்வேறு ஊர்களில் நிஜமாகவே நின்றவை. 1920, 30-களில் எப்படி இருந்தனவோ அப்படி.

ஒரு சுவருக்கு 1,600 செங்கல்

கணக்கு எளிமையானது. நிஜத்தில் ஓர் அடி என்றால் மாடலில் 4 மில்லிமீட்டர். ஆறடி ஆள் 24 மில்லிமீட்டர் உயரம். ஒரு செங்கல், சாந்தையும் சேர்த்து, 3 மில்லிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் உயரம். இப்போது இருபது அடி அகலம், பதினைந்து அடி உயரத்தில் ஒரு சாதாரணச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைக் கழிக்காமல் பார்த்தால் சுமார் 1,600 செங்கற்கள். பெண்டனில் ஒவ்வொரு செங்கல்லின் ஓரத்தையும் அட்டையில் ஊசியால் கீறி, வாட்டர் கலரில் தனித்தனியாக நிறம் தீட்டுகிறார்கள். எல்லாச் செங்கல்லும் ஒரே சிவப்பு இல்லை. சூளையில் அதிகம் வெந்தது கருஞ்சிவப்பு, மழைநீர் வடியும் இடத்தில் பச்சை படிந்தது, புகைபோக்கிக்குப் பக்கத்தில் கரி ஏறியது. ஒரு வீடு முடிய மாதங்கள் ஆகும், சிலவற்றுக்கு ஆண்டுகள்.

கூரைக்கு, நம் ஊர் பிளம்பர்கள் குழாய் மறையில் சுற்றுகிறார்களே, அந்த மாதிரி சணல் இழை. கொத்துக் கொத்தாக ஒட்டி, சீவி, வெட்டி, நிஜக் கூரைக்காரர் எந்த வரிசையில் வேய்வாரோ அதே வரிசையில் கீழிருந்து மேலே வேய்கிறார்கள். வீட்டுக்குள் அறைகளும் உண்டு. கணப்பு, மேஜை, நாற்காலி எல்லாம் உண்டு. கூரையை மூடிவிட்டால் அதில் பாதி யார் கண்ணுக்கும் தெரியாது. பிறகு எதற்கு இந்த மெனக்கெடல் என்று கேட்கத் தோன்றும். ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பவருக்கு உள்ளே வெற்று அட்டை தெரிந்தால், வெளியே இருக்கும் 1,600 செங்கல்லும் அந்த நொடியே பொய்யாகிவிடும். அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

தண்டவாளத்திலும் இதே பிடிவாதம். கடையில் வாங்கும் பிரிட்டிஷ் குட்டி ரயில்களின் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். நியாயமாகப் பார்த்தால் 4 மில்லிமீட்டர் அளவுக்கு அது 18.83 ஆக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில், உருவத்தில் சிறிய பிரிட்டிஷ் இன்ஜினுக்குள் மோட்டார் அடங்கவில்லை. அதனால் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு, இன்ஜினை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டார்கள். பெரிய உடம்பு, ஒட்டிய கால்! அந்தச் சமரசம் இன்றுவரை கடையில் தொடர்கிறது. பெண்டன்காரர்கள் 18 மில்லிமீட்டருக்குப் போனார்கள். அதாவது, கடைச் சரக்கை அப்படியே எடுத்து ஓட்ட முடியாது. இங்கே ஓடும் இன்ஜின்களில் பலவற்றை கை வில்லியம்ஸ் போன்ற கைதேர்ந்தவர்கள் சொந்தமாகவே செய்தார்கள்.

இவ்வளவு கறாரான இடத்திலும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அது தூரம். 4 மில்லிமீட்டர் கணக்கில் ஒரு மைல் என்பது 21 மீட்டர். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே நாலு மைல் வேண்டுமென்றால் 84 மீட்டர் நீள ஹால் வேண்டும். அதனால் எந்த மாடல் ரயிலிலும் ஊர்கள் நெருங்கிவிடும், மலை சுருங்கிவிடும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பதில்தான் திறமை.

அதே கூரையின் கீழ் ஒரு சின்ன ரயில்

பெண்டனுக்குப் போகிறவர்கள் பெரிய காட்சியைப் பார்த்த களைப்பில் அவசரமாகக் கடந்துவிடக் கூடாத ஒன்று இருக்கிறது. அதன் பெயர் மேடர் வேலி ரயில்வே. ஜான் அஹெர்ன் என்பவர் 1930-களின் பிற்பகுதியில் தன் வீட்டில் தொடங்கியது. முழுக்கக் கற்பனை ஊர். கோணல்மாணலான தெரு, சின்னத் துறைமுகம், கொஞ்சம் ஓட்டை உடைசலான ரயில் கம்பெனி.

அந்தக் காலத்து மாடல் ரயில்காரர்களுக்குப் பெரும்பாலும் இன்ஜினும் சிக்னலும்தான் முக்கியம். மேஜை மேல் தண்டவாளம், அதன் மேல் ரயில், அவ்வளவுதான். அஹெர்ன் தண்டவாளத்தைச் சுற்றி ஓர் உலகத்தை வைத்தார். எப்படிச் செய்வது என்று புத்தகங்களும் எழுதினார். 1961-ல் அவர் மறைந்த பிறகு மேடர் வேலி பெண்டனுக்கு வந்து சேர்ந்தது. பெண்டன் கிராமத்தின் துல்லியம் இதில் இல்லை. ஆனால், பார்த்தவுடன் சிரிப்பு வருகிறது. 'இதை நாமும் வீட்டில் செய்யலாமே' என்று தோன்றவைப்பது இதுதான்.

அப்படித் தோன்றியவர்கள் பிரிட்டனில் ஏராளம். வார இறுதிகளில் பள்ளிக்கூட ஹால்களிலும் சர்ச் ஹால்களிலும் குட்டி ரயில் கண்காட்சிகள் நடக்கும். வீட்டில் ஒரு மூலையில் கட்டியதைக் காரில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். காரில் ஏற வேண்டும் என்பதே முதல் விதி. அதனால் பிளைவுட் பலகை பெரும்பாலும் நாலடிக்கு மேல் போகாது. இரண்டு பலகை என்றால் நடுவே சேரும் இடத்தில் தண்டவாளம் முடி அளவு விலகினாலும் ரயில் கவிழும். அங்கே பித்தளை முளைகளைப் பொருத்தி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பூட்டுவார்கள். 1957-ல் சிரில் ஃப்ரீசர் என்பவர் 'மைனரிஸ்' என்று ஒரு வரைபடம் வெளியிட்டார். ஒரு நகரத்து டெர்மினஸ் ஸ்டேஷனை மடித்து வைக்கக்கூடிய அளவுக்குச் சுருக்கிய வரைபடம் அது. இன்னும் பலர் அதைப் பார்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ரயில் காட்சிக்குள் வந்து, போய், மறைய வேண்டும் அல்லவா? அதற்கு நாடகத்தில் சைடு விங் மாதிரி, ஒரு பாலத்துக்கோ கட்டடத்துக்கோ பின்னால் மறைவாக ஒரு பலகை. அடுத்த ரயில்கள் அங்கே வேஷம் கட்டிக் காத்திருக்கும்.

மற்றதெல்லாம் பொறுமை. ஜல்லியைத் தூவி, அதன் மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகால் மாதிரியான பசையைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அதில் ஒரு துளி பாத்திரம் கழுவும் லிக்விட் சேர்க்காவிட்டால் பசை ஜல்லிக்குள் இறங்காமல் முத்து முத்தாக உருளும். தண்டவாளத்தின் பக்கவாட்டில் துரு நிறம். மேல் முனை மட்டும் பளபளப்பு. காய்ந்த பழைய டீத்தூள் நல்ல மண்ணாகும். இன்ஜினில் கொட்டியிருப்பது பொடித்த நிஜ நிலக்கரி. நவராத்திரி கொலுவில் பூங்கா கட்ட, தட்டில் மண் பரப்பி கேழ்வரகை முளைக்கவைத்த கைகளுக்கு இதெல்லாம் புதிதில்லை.

கண்காட்சியில் வரும் சோதனை வேறு. 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளம் வழியாகச் சக்கரத்துக்கு ஏறுகிறது. நடுவில் தூசி படிந்தால் போச்சு. வீட்டில் நூறு தடவை ஓடிய ரயில், கூட்டம் கூடிய நேரம் பார்த்து நிற்கும். அப்போது வானத்திலிருந்து ஒரு பெரிய கை இறங்கி இன்ஜினைத் தள்ளிவிடும். இரண்டு வருடம் கட்டிய உலகம் அந்த ஒரு கையில் கலைந்துவிடுகிறது. அதனால்தான் கண்காட்சிக்காரர்களின் பெட்டியில் பெயின்ட்டைவிடத் துடைக்கும் துணியும் ஆல்கஹாலும் முதலில் இருக்கும்.

முடியாத கிராமம்

பெண்டனில் இன்னொரு காட்சியும் உண்டு. டார்ட்மூர் மலைப்பகுதி, அதன் குறுக்கே உயரமான மரப்பாலம். பொறியாளர் புருனெல் டெவனிலும் கார்ன்வாலிலும் கல் தூண்களின் மேல் விசிறி போல மரச் சட்டங்களை விரித்துப் பாலங்கள் கட்டினார். கட்டும்போது செலவு குறைவு. பின்னாளில் மரத்தை மாற்றி மாற்றியே கை ஓய்ந்தது. கார்ன்வாலில் கடைசியாக நின்றதை 1934-ல் மாற்றிவிட்டார்கள். அப்படியொரு பாலத்தின் மேல் ரயில் போவதை இன்றைக்கு இந்த மாதிரி மேஜை மேல்தான் பார்க்க முடியும்.

ராய் இங்கிலாந்து 1995-ல் காலமானார். அவர் நினைத்த பள்ளத்தாக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. தன்னார்வலர்கள் தொடர்கிறார்கள். ஒரு வீட்டைக் கட்ட ஒப்புக்கொள்வது என்றால், வாழ்க்கையில் சில வருடங்களை எழுதிக்கொடுப்பது மாதிரி. கட்டப்படும் வீட்டை நேரில் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். மிச்சம் இருப்பவை படங்களும் குறிப்புகளும்தான். ஒரு கதவின் பச்சை எந்தப் பச்சை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத காலம் வந்துகொண்டிருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: மியூசியம் பெரும்பாலும் வார இறுதிகளில்தான் திறந்திருக்கும். மேடர் வேலியில் ரயில் ஓட்டுவது வருடத்தில் சில நாள்கள் மட்டுமே. தேதி பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

திரும்பும்போது நேரே லண்டனுக்குப் போகாமல், டிட்காட்டிலிருந்து மேற்கே ஸ்விண்டன் பக்கம் ஒரு டிக்கெட் எடுத்தால், அந்த நிஜப் பள்ளத்தாக்கின் வழியாகவே போகலாம். நீராவி எப்போதோ போய்விட்டது. இப்போது மின்சார ரயில், மணிக்கு 200 கிலோமீட்டர். இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, வானமும் தெளிவாக இருந்தால், மலைச்சரிவில் வெள்ளைக் குதிரை சில விநாடிகள் தெரியும். அதன் அடிவாரத்தில் அஃபிங்டன் என்று ஒரு ஸ்டேஷன் இருந்தது. 1964-ல் மூடிவிட்டார்கள். ரயில் நிற்காமல் போகும்.