படவேட்டுக்கு ஒரு பயணம். பட்டில் ஒரு புத்தகம்

உங்கள் வீட்டுப் பீரோவின் அடித்தட்டில் ஒரு பழைய பட்டுப் புடவை இருக்கும். அம்மாவின் கூறைப் புடவையாக இருக்கலாம், பாட்டியுடையதாகவும் இருக்கலாம். மடிப்புக்கு மடிப்பு இற்றுப் போயிருக்கும். உடுத்த முடியாது, தூக்கிப் போடவும் மனம் வராது. "பழைய பட்டுப் புடவை, ஜரிகைப் புடவை!" என்று தெருவில் குரல் கேட்டால் மட்டும் மனம் ஒரு நிமிஷம் ஊசலாடும். கொடுத்துவிட்டால் அது என்ன ஆகும் தெரியுமா? நெருப்பில் பட்டு எரிந்து போகும். ஜரிகையிலுள்ள வெள்ளி மட்டும் மிஞ்சும். அந்த வெள்ளிக்குத்தான் விலை. புடவைக்கு அல்ல.

அந்தக் குரலுக்குக் கதவைத் திறக்குமுன், ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தோடு படவேடு போய் வாருங்கள். அந்தப் புடவைக்கு வேறொரு வழி இருப்பது அங்கே புலப்படும்.

வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையில், கண்ணமங்கலத்தைத் தாண்டியதும் சந்தவாசல் வரும். அங்கே ஜவ்வாது மலையை நோக்கித் திரும்பினால் சில கிலோமீட்டரில் படவேடு. வாழைத் தோட்டங்களும் நெல் வயல்களும் கண்ணுக்குக் குளிர்ச்சி. எதிரே மலைத் தொடர். மலையிலிருந்து இறங்கி வரும் கமண்டல நதி ஊரை ஒட்டிப் போகிறது. அதே ஆறுதான் நாகநதியோடு சேர்ந்து, பட்டுக்குப் பெயர்போன ஆரணியையும் தொட்டுச் செல்கிறது.

முதலில் ரேணுகாம்பாள் சந்நிதி. ஜமதக்னி முனிவரின் பத்தினி, பரசுராமரின் தாய். இங்கே சிரசு வடிவில் அருள்பாலிக்கிறாள். ஆடி மாதத்து வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். குழந்தைகளோடு நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு நாளில் போவது நல்லது.

இன்று அமைதியாக இருக்கும் இந்தக் கிராமம் ஒரு காலத்தில் ராஜதானி. படைவீடு என்ற பெயர்தான் படவேடு ஆயிற்று. 14-ம் நூற்றாண்டில் சம்புவராயர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். விஜயநகரத்து இளவரசர் குமார கம்பணர் அவர்களை வென்று, பிறகு மதுரை வரை சென்றார். அந்தப் படையெடுப்பை 'மதுரா விஜயம்' என்று சமஸ்கிருதத்தில் காவியமாக எழுதியவர் யார் தெரியுமா? கம்பணரின் மனைவி கங்காதேவி! கணவரின் வெற்றியை ஒரு பெண் எழுதி வைத்தாள். உலகம் அதை மறந்தே போயிற்று. 1916-ல் திருவனந்தபுரத்தில், வேறு இரண்டு நூல்களுக்கு நடுவே கட்டி வைத்திருந்த ஓலைகளில் அது அகப்பட்டது. 1924-ல் அச்சேறியது. ஆனால் முழுவதும் கிடைக்கவில்லை. இடையிடையே பாடல்கள் போனது போனதுதான்.

இந்த எண்ணத்தோடு யோக ராமச்சந்திரர் கோயிலுக்குள் நுழையுங்கள். மண்மூடிச் சிதைந்து கிடந்த படவேட்டுக் கோயில்கள் பல 1990-களுக்குப் பிறகு திருப்பணி கண்டன. இதுவும் அவற்றில் ஒன்று. இங்கே ராமர் கையில் வில்லும் இல்லை, அம்பும் இல்லை. சின்முத்திரையோடு யோகத்தில் அமர்ந்திருக்கிறார். எதிரில் ஆஞ்சநேயர், பாடம் கேட்கும் மாணாக்கர் போல உட்கார்ந்து ஓலைச்சுவடி வாசிக்கிறார். இலங்கையை எரித்த வீரர் அடக்கமாகச் சுவடியைப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கும் அழகைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். "சுவடி என்றால் என்ன?" என்று கேட்பார்கள். ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் பலகை வைத்துக் கட்டுவதைச் சொல்லுங்கள். கயிறு அறுந்தால் ஓலை சிதறும்; ஓலை சிதறினால் கதை போகும்.

திரும்பும் வழியில் ஆரணியை எட்டிப் பாருங்கள். ஆரணியிலும், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் தறிச் சத்தம் கேட்கும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. தறியில் ஒரு பாவு முடிந்ததும், அதன் நுனி இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள்! பழைய இழையைப் பிடித்துக்கொண்டுதான் புது இழை தறிக்குள் போகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

இனி பீரோவைத் திறக்கலாம். அந்தப் புடவையில் உங்கள் குடும்பத்துக்கென்று ஒரு புத்தகம் தைத்துவிடலாம். செலவு அதிகமில்லை. பழைய புடவை இல்லாதவர்கள் ஆரணியிலேயே ஒரு ரவிக்கைத் துண்டு வாங்கிக் கொள்ளுங்கள். நெய்தவருக்கும் நாலு காசு போகும்.

புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இறாத பாகத்தைத் தேர்ந்தெடுங்கள். முந்தியும் கரையும் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். 15 அங்குல நீளம், 10 அங்குல அகலத்தில் ஒரு துண்டு. அதே அளவில் பழைய வேட்டித் துண்டு ஒன்று. பட்டில் பசை தடவாதீர்கள், கறை தெரியும். இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, ஓரத்தில் அரை அங்குலம் விட்டுச் சுற்றிலும் தையுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் இடம் விட்டு, அதன் வழியே உறை போலப் புரட்டிக் கொள்ளுங்கள். முதுகுப் பக்கத்துக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஓர் அங்குல அகலப் பட்டை வெட்டி நடுவே செருகி, திறந்த இடத்தை மூடுங்கள். மேலே ஓட்டுத் தையல் வரிசை வரிசையாகப் போட்டால் பட்டும் வேட்டியும் ஒன்றாகிவிடும். வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி இப்படித்தான் 'காந்தா' தைத்தார்கள். நூல்கூடப் பழைய புடவைக் கரையிலிருந்து உருவியதுதான்! புத்தகங்களைச் சுற்றி வைக்கவும் அவர்கள் காந்தா தைத்ததுண்டு.

உள்ளே வைக்க, 12 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் உள்ள கெட்டித் தாள் 24. அகலத்தை இரண்டாக மடித்து, ஆறு ஆறு தாளாக ஒன்றுக்குள் ஒன்று செருகினால் நான்கு கட்டு. ஒவ்வொரு கட்டின் மடிப்பிலும், நேராக உறையின் முதுகிலும், மேல், நடு, கீழ் என மூன்று துளை. கட்டுக்குக் கட்டு கால் அங்குல இடைவெளி. கெட்டி நூலை மெழுகுவத்தியில் ஒரு தரம் தேய்த்துக் கொள்ளுங்கள். நடுத் துளையில் உள்ளிருந்து வெளியே. மேல் துளையில் வெளியிலிருந்து உள்ளே. அங்கிருந்து நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியே. மறுபடி நடுவில் உள்ளே. இரண்டு நுனியையும் சேர்த்து முடிச்சு. அவ்வளவுதான்.

இதை நீங்கள் ஒருவரே உட்கார்ந்து செய்து முடித்துவிடாதீர்கள்! தாளை மடிப்பது பையன் வேலை. துளை போடுவது அவன் அப்பாவின் பொறுப்பு. பெண்ணுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். பையன் கேட்டால் அவனுக்கும்தான். தையல் கோணினால் பிரிக்க வேண்டாம். இது யாருடைய தையல் என்று பின்னால் அடையாளம் தெரியும் அல்லவா?

பாட்டிக்குக் கண் மங்கி ஊசி கோக்க முடியாமல் போயிருக்கலாம். அதனால் என்ன? அவர் பேசட்டும். புடவை எந்த ஊரில் எடுத்தது, யார் எடுத்துக் கொடுத்தார், முதன்முதலில் எந்த நாளில் உடுத்தினார், அதில் எந்தக் குழந்தைக்குத் தூளி கட்டினார் என்று கேளுங்கள். நீங்கள் தைக்கத் தைக்க அவர் சொல்வார். இப்போது கேட்காவிட்டால் கங்காதேவியின் தொலைந்த பாடல்கள் மாதிரிதான். பிறகு எங்கே தேடினாலும் அகப்படாது.

முதல் பக்கத்தில் அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் படவேட்டில் பார்த்த ஆஞ்சநேயரைக் குழந்தைகள் வரையட்டும். மீதிப் பக்கங்கள் காலியாகவே இருக்கட்டும். உங்கள் பேத்திக்கும் எழுத இடம் வேண்டாமா?