லண்டனுக்கு பஸ் இல்லை

வக்கீல் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கறுப்புக் கோட்டு, கோர்ட் வாசல் டீக்கடை, வாய்தா. ஆனால் கோர்ட் பக்கமே எட்டிப் பார்க்காத வக்கீல்கள் உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பெரிய கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதித் தருவதுதான் அவர்கள் பிழைப்பு. அந்தக் கம்பெனி எந்த தேசத்தில் கடை விரித்தாலும் பின்னாலேயே போய் ஆபீஸ் போட வேண்டும். இந்தப் போட்டியில் சட்ட நிறுவனங்களுக்குள் கல்யாணங்கள் நடந்தபடி இருக்கின்றன. லண்டனின் க்ளிஃபர்ட் சான்ஸ் 2000-ல் ஒரு நியூயார்க் நிறுவனத்தையும் ஒரு ஜெர்மன் நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டது. 2024 மே மாதம் லண்டனின் ஆலன் அண்ட் ஓவரியும் நியூயார்க்கின் ஷெர்மன் அண்ட் ஸ்டெர்லிங்கும் ஒன்றாகிவிட்டன.

போட்டி வந்தால் விலை இறங்கும் என்பார்கள். இங்கே ஏறுகிறது. நியூயார்க்கில் முன்னணி வக்கீல்கள் சிலரின் கட்டணம் மணிக்கு 2,000 டாலரைத் தாண்டிவிட்டது.

இவர்கள் இந்தியாவுக்குள் வரலாமா என்ற சண்டை நம்ம சென்னையில்தான் சூடு பிடித்தது. 2010-ல் முப்பது சொச்சம் வெளிநாட்டு நிறுவனங்களை எதிர்த்து ஏ.கே. பாலாஜி என்ற வக்கீல் ஹைகோர்ட்டுக்குப் போனார். 'விளம்பரம் செய்யக்கூடாது என்று எங்கள் கையைக் கட்டிவிட்டு, அவர்களை மட்டும் களத்தில் இறக்கினால் எப்படி?' என்பது நம் வக்கீல்களின் ஆதங்கம். நியாயம்தான். 'விமானத்தில் வந்து, தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம். இங்கே தொழில் நடத்த முடியாது' என்றது 2012 தீர்ப்பு. எப்போதாவது வந்துபோனால் சரி, அதையே வாடிக்கையாக வைத்துக்கொண்டால் அது தொழில்தான் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் கடிவாளத்தை இறுக்கியது. 2023-ல் பார் கவுன்சிலே கதவை ஒரு சாண் திறந்து, 2025-ல் விதிகளைத் திருத்தியது. பதிவு செய்துகொண்டு தங்கள் நாட்டுச் சட்டம், சர்வதேசச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லலாம். நம் கோர்ட்டில் வாதாட முடியாது. அவர்கள் நாடும் நம் வக்கீல்களுக்கு அதே இடம் தர வேண்டும்.

சரி, இதில் பனியன்காரர்களுக்கு என்ன வந்தது?

அமராவதி நகரில் அணை இருக்கிறது, சைனிக் பள்ளி இருக்கிறது, முதலைப் பண்ணை இருக்கிறது. திருப்பூரில் சின்னதாக எக்ஸ்போர்ட் செய்யும் என் சித்தப்பா மகனின் வீடும் இருக்கிறது. போன தடவை போயிருந்தபோது ஒரு கத்தைக் காகிதத்தை என்னிடம் நீட்டினான். வெளிநாட்டு பையர் அனுப்பிய அக்ரிமென்ட். 38 பக்கம்.

"இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்ணா."

"உன் வக்கீல்கிட்டக் காட்டலியா?"

"காட்டினனுங்ணா. உடுமலை கோர்ட்ல செக் கேஸ் பாக்கறவரு. முப்பதாம் பக்கம் வரைக்கும் படிச்சாரு. 'தகராறு வந்தா இங்கிலாந்து சட்டப்படி லண்டன்ல தீர்த்துக்கணும்னு போட்டிருக்குது. லண்டனுக்கு நம்மூர்ல இருந்து பஸ் இல்லீங்க'ன்னுட்டாரு."

சிரித்தோம். ஆனால் விஷயம் சிரிப்பல்ல. சரக்கு லேட்டானால் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும், டிஸ்கவுன்ட்டும் தர வேண்டும். பையர் ஆர்டரை ரத்து செய்தால் இவனுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. லண்டன் நடுவர் தீர்ப்பு லண்டனோடு நிற்காது. 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியாவும் இருக்கிறது. அந்தத் தீர்ப்பை வைத்து நம்மூர் கோர்ட் வழியாகவே இவன் சொத்தின் மேல் கை வைக்கலாம்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"போடாம? நூலே வாங்கியாச்சுங்ணா."

வெளிநாட்டு வக்கீல் இந்தியாவுக்கு வரலாமா என்று பதினைந்து வருஷம் வாதாடினோம். அவர் எழுதிய காகிதம் விசா இல்லாமல் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. 2020-ல் கொரோனா வந்தபோது பையர்கள் பலர் ஆர்டரை ரத்து செய்தார்களே, அப்போது அவர்களுக்குக் கைகொடுத்தது இப்படிப்பட்ட காகிதங்களில் இருந்த 'ஃபோர்ஸ் மஜூர்' என்ற ஒரு பத்திதான்.

இந்தப் பெரிய நிறுவனங்கள் போட்டி போடுவதெல்லாம் பையருக்காகத்தான். தைத்துக் கொடுப்பவனுக்காக யாரும் போட்டி போடவில்லை. ஒரு டி-ஷர்ட் மூன்று டாலர் என்று வையுங்கள். அந்த நியூயார்க் வக்கீலின் ஒரு மணி நேரத்துக்கு 660 டி-ஷர்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். தனி ஆளாக முடியாது.

சேர்ந்தால் முடியும். ஆளாளுக்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாத சாயப்பட்டறைக்காரர்கள், சேர்ந்து பொதுவில் கட்டிக்கொண்ட ஊர் திருப்பூர். 1990-லிருந்து ஏற்றுமதியாளர் சங்கம் இருக்கிறது. வெளிநாட்டு ஒப்பந்தம் படிக்கத் தெரிந்த நாலு நல்ல வக்கீல்களைப் பொதுவில் அமர்த்தி, 'எந்தச் சட்டம், எந்த ஊர், ரத்தானால் யார் காசு' என்ற மூன்று கேள்விக்கு மட்டும் பதில் வாங்கிய பிறகே உறுப்பினர்கள் கையெழுத்துப் போடுவது என்று வைத்துக்கொள்ளலாம். நூல் வாங்குவதற்கு முன்னால்.