நுரைக்குள் குடியிருப்பவர்

மரக்காணத்தில் நுரைக்குப் பஞ்சமில்லை. கடற்கரையில் அலை விட்டுப்போன நுரை, கழிமுகத்தில் காற்று அள்ளி எறியும் நுரை, உப்பளத்தில் வரப்போரமாக ஒதுங்கிக் காய்ந்து பொரிந்துபோகும் நுரை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி உப்புக் குவியலைப் படம் எடுக்கிறார்கள். வரப்பு நுரையை யாரும் எடுப்பதில்லை. அளத்தில் வேலை செய்கிறவர்களும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுவே விரற்கடை அளவுக்கு வீட்டுச் செம்பருத்திக் கிளையில் ஒட்டியிருந்தால் போதும், தெருவே கூடிவிடும்.

"இது இன்னா தம்பி, யாரோ எச்சி துப்பி வச்சிட்டுப் போயிருக்காங்க?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அளத்தில் உப்பு வாருகிறவர். மழைக்காலத்தில் பாத்திகளெல்லாம் தண்ணீரில் முங்கிவிடுவதால் ஐப்பசி முதல் மார்கழி வரை அவருக்கு வேலை இருக்காது. அந்த மாதங்களில்தான் அவருடைய தோட்டம் செழிக்கும்; இந்த நுரையும் அப்போதுதான் கண்ணில் படும். அவருடைய மாமியாருக்கு வேறு சந்தேகம். வேண்டாதவர்கள் ஏதோ செய்து வைத்திருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. கிளையின் கணுவில், துப்பினால் போய் ஒட்ட முடியாத உள்பக்கத்தில், அவ்வளவு கச்சிதமாக யார் துப்பியிருக்க முடியும் என்று கேட்டதற்கு, "அதான் சொல்றேன், சாதாரண ஆளு செஞ்சதில்ல" என்றார். இதற்குமேல் வாதாட முடியாது.

ஓர் ஈர்க்குச்சியால் நுரையை மெல்ல விலக்கினால் உள்ளே ஆள் இருக்கிறார். அரிசியைவிடச் சிறியவர், வெளிர்ப்பச்சை, இறக்கை முளைக்காத குஞ்சு, தலைகீழாக உட்கார்ந்திருப்பார். நுரைப்பூச்சி. வளர்ந்தபின் நுரையை விட்டு வெளியேறி, பழுப்பு நிறத்தில் படகை நினைவூட்டும் உடலோடு இலைக்கு இலை தாவும். அதைப் பார்த்த பலரும் இரண்டும் ஒரே பூச்சி என்று நம்ப மாட்டார்கள். தென்னிந்தியத் தோட்டங்களில் க்ளோவியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை பரவலாக உண்டு. சோளத்திலும் புல்லிலும் நுரை வைப்பது பூஃபிலஸ் காஸ்டாலிஸ்.

செடியின் உடம்பில் இரண்டு வகைக் குழாய்கள் ஓடுகின்றன. இலை சமைத்த சர்க்கரையைக் கீழே கொண்டுவருவது ஒன்று; வேர் உறிஞ்சிய தண்ணீரை மேலே ஏற்றுவது மற்றொன்று. மாவுப்பூச்சியும் அசுவினியும் வெள்ளை ஈயும் சர்க்கரைக் குழாயில் வாய் வைக்கின்றன. நுரைப்பூச்சி போய் வாய் வைப்பது தண்ணீர்க் குழாயில். அதில் வெறும் தண்ணீரும் துளி உப்புச்சத்தும் இம்மியளவு அமினோ அமிலமும்தான். போதாக்குறைக்கு அந்தத் தண்ணீர் தானாகப் பீறிட்டு வருவதும் இல்லை. வெயிலில் இலைகள் மேலிருந்து இழுப்பதால் குழாய்க்குள் எதிரழுத்தம் இருக்கும். பூச்சி அந்த இழுப்பை எதிர்த்து இழுத்தாக வேண்டும். அதன் முகம் முன்னால் புடைத்துக்கொண்டிருப்பது அதனால்தான்: முகம் முழுக்க உறிஞ்சும் தசை. சத்துக் குறைவை ஈடுகட்ட ஒரு நாளைக்குத் தன் எடையைப் போல நூறு மடங்குக்கும் மேல் குடித்துத் தள்ளுகிறது. தண்ணீரில் கிடைக்காத அமினோ அமிலங்களை அதன் உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் செய்து கொடுக்கின்றன.

குடித்ததெல்லாம் பின்வழியே வெளியேற வேண்டுமே. வெளியேறும் நீரோடு கழிவுநாளங்களிலிருந்து கொஞ்சம் பசைத்தன்மையுள்ள புரதமும் கலக்கிறது. வயிற்றின் அடிப்பக்கம் ஒரு காற்றுக் கால்வாய் இருக்கிறது. வால்நுனியை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்து உள்ளே இழுத்து, குமிழி குமிழியாக நீருக்குள் ஊதிவிடும். நீர் வழிந்து உடம்பை மூட, நுரை தயார். மூச்சு வாங்குவதும் அதே வால்நுனியை நுரைக்கு வெளியே நீட்டித்தான். சொந்தக் கழிவில் வீடு கட்டிக் குடியிருக்கிறது என்று முகம் சுளிக்கலாம், அக்கா சுளித்தார். எனக்கு அந்த வீட்டின்மேல் மரியாதை உண்டு. அந்தக் குஞ்சின் தோல் அவ்வளவு மெல்லியது. வெளியே எடுத்துப் போட்டால் நம் ஊர் வெயிலில் வெகு சீக்கிரம் வற்றிப்போகும். பிரேசிலில் கரும்பு நுரைப்பூச்சியை வைத்துச் செய்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், வெளியே வெப்பம் ஏறியபோதும் நுரைக்குள் அதைவிடக் குறைவாக, பெரிதாக மாறாமல் இருந்தது தெரியவந்தது.

உப்பளத்து வேலை முழுக்கத் தண்ணீரை விரட்டுகிற வேலை. கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலிலும் காற்றிலும் வற்றவிட்டு, போமே மானியில் 25 டிகிரியைத் தொட்டபின் உப்பு பூக்கவிட்டு வாரி எடுக்கிறார்கள். அதே வெயிலும் காற்றும் நாலு வீடு தள்ளியுள்ள தோட்டத்தில் ஒரு பூச்சியை ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கின்றன.

வற்றாமல் காக்க நுரையை நம்புவது இது மட்டுமல்ல. மழை விட்டதும் தொட்டிக்கு மேலே தொங்கும் கிளையில் மரத்தவளை வைத்துவிட்டுப் போகும் வெள்ளை நுரைக்குள் அதன் முட்டைகள் இருக்கும். தலைப்பிரட்டைகள் அங்கிருந்து தண்ணீரில் விழும். கும்பிடுபூச்சி முட்டைகளை நுரையில் பொதிந்து வைக்கும். அது காய்ந்து பழுப்புக் கூடாக இறுகிவிடும். இரண்டுமே தோட்டத்துக்கு வேண்டியவை, பூச்சி தின்பவை. நுரையைக் கண்டதும் கிளையோடு ஒடித்து எரிக்கிறவர்கள் இவற்றையும் சேர்த்தே எரிக்கிறார்கள்.

சரி, செடிக்குக் கெடுதலா? அக்காவின் செம்பருத்தியில் இலைநுனிகள் கருகியிருந்தன. பழி நேராக நுரைமேல் விழுந்தது. ஆனால் நுரையே இல்லாத கறிவேப்பிலையிலும் அதே கருகல், அதுவும் கடலைப் பார்த்த பக்கத்து இலைகளில் மட்டும். உப்புக் காற்று செய்த வேலை. நுரைப்பூச்சி நாலைந்து கிளைகளில் உட்கார்ந்திருந்தால் செடிக்கு அது உறைப்பதே இல்லை. இளங்குருத்தில் பல குஞ்சுகள் நெருக்கியடித்தால் குருத்து கொஞ்சம் கோணலாம், வளர்ச்சி தடைபடலாம். அத்தோடு சரி. சில வாரங்களில் குஞ்சு கடைசித் தோலை உரித்து இறக்கையோடு கிளம்பிவிடும். காய்ந்த நுரைப்பொருக்கு மட்டும் மிஞ்சும்.

பயப்பட வேண்டிய வெள்ளை வேறு. பப்பாளியில் பஞ்சாக அப்பிய மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டறியப்பட்டு, மல்பெரி, மரவள்ளி என்று பரவி விவசாயிகளை அலற வைத்தது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. தென்னையில் சுருள் வெள்ளை ஈ 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டது. இன்று தென்னை இருக்கும் இடமெல்லாம் அதன் பேச்சு. இவை சர்க்கரைக் குழாயில் குடிப்பவை. ஆகவே கழிவும் தித்திப்பு. எறும்பு மொய்க்கும், கீழ் இலைகளில் கரும்பூசணம் படரும். நுரைப்பூச்சியின் நுரையில் தித்திப்பு கிடையாது. வெள்ளையாக எதைக் கண்டாலும் முதலில் எறும்பு வருகிறதா, கீழே இலை கறுத்திருக்கிறதா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நுரைப்பூச்சி குடித்துத் தள்ளும் அளவுக்கு ஒரு பழைய சாட்சி உண்டு: ஆப்பிரிக்காவில் பயணம் செய்த டேவிட் லிவிங்ஸ்டன் அங்கோலாப் பக்கம் இந்தக் குடும்பத்துப் பூச்சிகளைப் பார்த்து அசந்துபோனார். அத்தி இன மரத்தில் ஏழெட்டுப் பூச்சிகள் கூடி உட்கார்ந்து நீர் சொட்ட, இரவில் பாத்திரம் வைத்தால் காலையில் ஏறத்தாழ இரண்டு லிட்டர் சேருமாம். 1857-இல் வந்த தம் பயண நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மரத்திலிருந்துதான் வருகிறதா என்று பார்க்கப் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார், சொட்டு நிற்கவில்லை. காற்றிலிருந்துதான் நீரை இழுக்கின்றன என்று நினைக்கத் தலைப்பட்டார். பட்டையோடு போவது சர்க்கரைக் குழாய்தான். தண்ணீர்க் குழாய் உள்கட்டையில் பத்திரமாக இருக்கும்.

இந்தக் கூட்டமே அப்பாவி என்று சாதிக்க நான் வரவில்லை. 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து கூலிகள் ஏற்றிச் செல்லப்பட்ட டிரினிடாட் தீவில் கரும்புத் தோட்டங்களை வாட்டியது இதன் உறவுக்காரப் பூச்சிதான். சி. பி. வில்லியம்ஸ் என்ற பூச்சியியலாளர் அதை ஆராய்ந்து 1921-இல் அறிக்கை கொடுத்தார். நம் விழுப்புரம் மாவட்டத்திலும் கரும்பு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இங்கே கரும்புக்காரரைத் தூங்கவிடாதது இளங்குருத்துப் புழுவும் இடைக்கணுப் புழுவும்தான். நுரையை யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

இத்தாலிக் கதை இன்னும் சிக்கலானது. அங்கே புல்வெளி நுரைப்பூச்சி காலங்காலமாக யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தது. பிறகு தென்கோடி புலியாவில் ஆலிவ் மரங்கள் காயத் தொடங்கின. தண்ணீர்க் குழாய்க்குள் வாழ்ந்து அதை அடைத்துவிடும் சைலெல்லா என்ற பாக்டீரியாதான் காரணம் என்று 2013-இல் தெரியவந்தது. அதை மரத்துக்கு மரம் சுமந்தது அந்தச் சாது நுரைப்பூச்சி. லட்சக்கணக்கான மரங்கள் போயின, அவற்றில் பல நூற்றாண்டு கண்டவையும் உண்டு. அதன் குஞ்சுகள் ஆலிவில் அல்ல, அடியில் முளைக்கும் களைகளில்தான் நுரை வைக்கின்றன. அதனால் வசந்தகாலத்தில், இறக்கை முளைப்பதற்குள், களையை உழுது அழிக்கச் சொல்கிறார்கள். பூச்சி அன்றும் இன்றும் அதே அளவு தண்ணீர்தான் குடிக்கிறது. அது சுமந்து வந்த சரக்குதான் மாறியது. ஆகவே பிற நாட்டுச் செடியை ஆசைப்பட்டு ரகசியமாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறவர்களைத்தான் நான் நுரைப்பூச்சியைவிடச் சந்தேகமாகப் பார்ப்பேன்.

அக்காவின் மகன் பூச்சிமருந்துக் கடைக்குப் போய் இமிடாகுளோப்ரிட் வாங்கி வந்திருந்தான். மேலுக்குத் தெளிக்கும் மருந்துக்கு நுரை லேசில் வழிவிடாது என்பதால், செடிக்குள் ஊடுருவும் மருந்தாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். யோசனை தப்பில்லை, தண்ணீர்க் குழாய் வழியே ஏறும் மருந்து தண்ணீர்க் குழாயில் குடிக்கிறவரை நிச்சயம் போய்ச் சேரும். ஆனால் செம்பருத்திப் பூவின் தேனுக்கும் ஏறும், பக்கத்திலேயே நிற்கும் கறிவேப்பிலையின் வேர் வழியாக ரசத்துக்கும் ஏறும். இதைச் சொன்னதும் பாட்டில் அடுப்படிப் பரணுக்குப் போனது. அடுப்படியில் வேண்டாம் என்றதும் மாட்டுக் கொட்டகைக்குப் போனது.

வழக்கமாக எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்று இருக்கிறது: குழாயைப் பிடித்துத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் நுரையும் குஞ்சும் கழன்றுவிடும். வேறு ஊருக்கு நல்ல யோசனைதான். எங்கள் தெருவில் பாதிப்பேர் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் கரிக்கும். அதை இலைமேல் பீய்ச்சிக் காயவிட்டால் உப்புக் காற்று மாதக்கணக்கில் செய்வதை ஒரே நாளில் நாமே செய்து முடிக்கலாம். நல்ல தண்ணீரோ லாரியில் வந்து குடத்தில் ஏறுவது. அதைப் பூச்சிக்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வராது. பார்க்கப் பிடிக்காவிட்டால் இரண்டு விரலால் வழித்து எறிய வேண்டியதுதான் என்றேன்.

அக்கா கையைப் பார்த்துக்கொண்டார். அளத்து உப்பில் வருஷக்கணக்காக வெடித்துப்போன விரல்கள்.

"பட்டா எரியுமா தம்பி?"

"எரியாதுக்கா. அரிக்கவும் செய்யாது. பச்சத் தண்ணிதான்."