பகற்பயணமா, இராத்தங்கலா?

கம்பளையிற் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கண்டி ஓர் ஊரன்று, ஒரு வேலை. பல் பிடுங்கக் கண்டி, கூறைப்புடைவை எடுக்கக் கண்டி, பிறப்புச் சான்றிதழிலுள்ள எழுத்துப் பிழையைத் திருத்தக் கண்டி, பெரியாஸ்பத்திரியிற் கிடப்பவரைப் பார்க்கக் கண்டி. காலையிற் போவோம், காரியம் முடிந்ததோ முடியவில்லையோ, மாலைப் பேருந்தில் நெரிசலில் நின்றபடியே மீள்வோம். இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 20 கிலோமீற்றர். கெலிஓயாவும் பேராதனையுங் கடந்தால் நகரம் வந்துவிடும். இவ்வளவு அணித்தேயுள்ள ஊரில் ஒருவர் இராத்தங்கினார் என்றால், "பேருந்தைத் தவறவிட்டீரோ?" என்பதே நம்மவரின் முதற் கேள்வியாயிருக்கும்.

அண்மையிலுள்ள நகருக்குப் போனால் அன்றே மீள்வதா, ஓரிரவு தங்கி வருவதா என்னும் வினா, யூபிலி மலருக்கு ஏற்ற பொருளா என மலர்க் குழுவினர் சிலர் ஐயுற்றனர். திருக்குறளிலோ கம்பனிலோ ஏதேனும் எழுதித் தருவேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். ஆயினும் இவ்வினா, பல ஆண்டுகளாக மாணாக்கரை அழைத்துக்கொண்டு கண்டி வீதிகளில் நடந்த எனக்கு, இலக்கிய வினாக்களிலும் பார்க்க அடிக்கடி எதிர்ப்பட்டதொன்று.

இலக்கியத்தை முற்றாக விட்டுவிடவும் மனம் ஒப்பவில்லை. பத்துப்பாட்டில் மிக நீண்டதான மதுரைக்காஞ்சி 782 அடிகளையுடையது. மாங்குடி மருதனார் மதுரையைக் காட்டும் முறையை மாணாக்கர் கவனித்தல் வேண்டும். பகற்காலக் கடைத்தெருவாகிய நாளங்காடியைக் காட்டுகிறார். பொழுது சாய்ந்ததும் அல்லங்காடியைக் காட்டுகிறார். பின்னர் இரவின் யாமங்களை ஒவ்வொன்றாகக் கடந்து, விடியலில் ஊர் கண்விழிப்பது வரையிற் கொண்டுபோய் நிறுத்துகிறார். ஒரு நகரைச் சொல்ல ஒரு முழுப் பகலும் ஒரு முழு இரவும் வேண்டும் என்பது அப்புலவர் கொண்ட அளவு. நாமோ கண்டியின் நாளங்காடியை மட்டும் ஆயிரம் முறை கண்டவர்கள்.

பகலில் வந்து பகலில் மீள்பவன் எதனைக் காண்பதில்லை? தலதா மாளிகையில் நாள்தோறும் மூன்று வேளை பூசை நடைபெறும். விடியற்காலைப் பூசைக்கு நாம் போய்ச் சேர்வதில்லை. மாலை ஆறரை மணிப் பூசைக்கு மேளம் முழங்கும்போது நாம் பேருந்து வரிசையில் நிற்கிறோம். நமக்கு வாய்ப்பது காலை ஒன்பதரைப் பூசை ஒன்றே. 1821இல் நிறுவப்பெற்ற பேராதனைத் தாவரவியற் பூங்காவில் மரக்கிளைகளிற் கறுத்த பைகள் போலத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவை உறங்குவதையே கண்டிருக்கிறோம். அந்திப்பொழுதில் அவை எழுந்து வானை நிறைத்துப் பறப்பதைக் கண்டவர் நம்மில் எத்தனை பேர்?

எசலப் பெரஹெராவின் செய்தியும் இதுவே. கும்பல் பெரஹெரா ஐந்து இரவு, ரந்தோலிப் பெரஹெரா ஐந்து இரவு. நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்களும் உடன் வருவன. பத்தினி என்பவள் நம் கண்ணகியே என்பதைத் தமிழ் மாணாக்கர்க்கு நான் எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. தீப்பந்தங்களும் யானைகளின் ஒளிவிளக்குகளும் இரவுக்கே உரியன. ஈற்றிலே கெட்டம்பையில் மகாவலி நீரை வெட்டுஞ் சடங்கு முடிந்தபின் ஒரு பகற்பெரஹெராவும் உண்டு. அது அன்றே வீடு திரும்பவேண்டிய நம் போன்றோர்க்காகவே வைக்கப்பட்டதோ என்று வேடிக்கையாக எண்ணுவதுண்டு. வெட்டப்படும் அந்நீர் கம்பளையைத் தொட்டுச் சென்ற நீர்தான். அதாவது போய்ச் சேர்கிறது.

இனி மறுபக்கத்தையுஞ் சொல்லல் வேண்டும். இராத்தங்கல் எல்லோர்க்கும் எளிதன்று. விடுதிக்குப் பணம் வேண்டும். பணமில்லையேல் உறவினர் வேண்டும். உறவினர் இருந்தாலும் அவர் வீட்டில் இன்னும் இருவர்க்குப் பாய் விரிக்க இடம் வேண்டும். வீட்டிலே நோயாளியோ கைக்குழந்தையோ இருப்பின் பேச்சுக்கே இடமில்லை. மலைத் தோட்டத்திலே கொழுந்து பறிக்குந் தாயொருத்தி மறுநாட் காலைப் பிரட்டுக்கு வராவிடின் ஒரு நாட் பேர் போய்விடும். ஓரிரவு என்பது அவளுக்கு இரு நாட் கூலி. இவற்றையெல்லாம் எண்ணாது, "தங்கி அனுபவித்து வாருங்கள்" என்று பிறர்க்கு உபதேசிப்பவர் கைநிறையப் பொருளுள்ளவராயிருப்பர்.

இவ்விரு பக்கமும் ஒன்றோடொன்று மோதியதை நான் நேரிற் கண்டது தமிழ் மொழித் தினப் போட்டிக் காலத்தில். பாடசாலை, வலயம் எனப் படிப்படியாக வென்று வருபவர் மாகாண நிலைக்குச் செல்வர். சில ஆண்டுகளுக்கு முன்னர் மாகாணப் போட்டி கண்டியில் நடந்தபோது, பாவோதற் பிரிவுக்குத் தெரிவான எம் மாணவன் ஒருவன் கம்பளைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றிலிருந்து வருபவன். வயது பதின்மூன்று. போட்டி காலை எட்டரை மணிக்கு. அன்று காலையே போவதாயின், அவன் மூன்று மணிக்கு எழுந்து, டோர்ச் வெளிச்சத்தில் ஒரு மணிநேரம் மலையிறங்கி, இரு பேருந்து மாறவேண்டும். வளைவுப் பாதைகளிற் பேருந்தேறினால் அவனுக்கு வாந்தி வருமென்பது வகுப்பு முழுவதும் அறிந்த செய்தி.

ஆசிரியர் அறையில் இரு நாள் வாதம் நடந்தது. "இருபது கிலோமீற்றருக்கு இராத்தங்கலா? இதற்குக் கடிதம் எழுதினால் மேலிடத்தில் என்ன நினைப்பார்கள்?" என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். அவர் சொன்னதில் நியாயமில்லாமலில்லை. பிள்ளையை ஓரிரவு வெளியே வைத்திருப்பது பொறுப்பான காரியம். அதிபர் ஒரு நிபந்தனை விதித்தார்: பெற்றோர் கையொப்பமிட்டால் தமக்குத் தடையில்லை.

அன்று மாலையே நான் மலையேறினேன். பையனின் தாய் வாசலிலே நின்று, "ஐயா, இந்தா இருக்குற கண்டிக்கு ராத்தங்கலா? நாலு பேரு என்னா சொல்லுவாங்க?" என்றாள்.

"அம்மா, மூணு மணிக்கு எழும்பி இருட்டுல இறங்கி, பஸ்ஸுல வாந்தியெடுத்து வந்து நின்னா, பிள்ளைக்கு ஓதத் தொண்டை எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவள் நெடுநேரம் பேசவில்லை. உள்ளே போய்ப் பையனின் ஒரே கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து, "ராவுக்குக் குளிருமா அங்க?" என்று கேட்டாள். அதனையே இசைவாகக் கொண்டு கடிதத்தை நீட்டினேன்.

கட்டுக்கலையில் எம் ஆசிரியர் ஒருவரின் தமையனார் வீட்டில் தங்கினோம். செல்வ விநாயகரை வணங்கிவிட்டு மாலையில் நகரத்துக்குள் நடந்தோம். பேருந்து நிலையத்தருகே கம்பளைப் பேருந்தின் படிகளிற் சனங்கள் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தனர். பையன் நின்றுவிட்டான். "ஐயா, இந்த பஸ்ஸ இப்பத்தான் வெளிய நின்னு பார்க்கிறேன்" என்றான். பின்னர் வாவிக்கரை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் வெட்டத் தொடங்கிய வாவி அது. அவன் நாயக்கர் மரபிற் கடையரசன். 1815இல் அரசிழந்து, வேலூரிற் சிறையிருந்து 1832இல் இறந்தான். இவ்வரலாற்றை வகுப்பிற் பன்முறை சொல்லியிருக்கிறேன், விளக்குகள் நீரிலே நடுங்க, மாளிகையின் மேளவொலி தண்ணீரின்மேல் வர, அவ்விடத்திற் சொன்னபோது பையன் ஒரு கேள்வி கேட்டான்: "ராசாவுக்கு இந்தச் சத்தம் வேலூர்ல கேட்டிருக்குமா?" வகுப்பறையில் அவன் கேள்வி கேட்டதை நான் அறியேன்.

மறுநாட் காலை அவன் தெளிந்த குரலில் ஓதினான். இரண்டாமிடம் கிடைத்தது. முதலிடம் பெற்ற மாத்தளைப் பிள்ளை உண்மையிலேயே நன்றாக ஓதியது, அதில் முறைப்பாடில்லை. என் கருத்திற் பெரிதாகப் பட்டது வேறு. மலையிலிருந்து வரும் பிள்ளைக்கு நகரம் என்பது வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, பயந்து திரும்பும் இடம். ஓரிரவு உறங்கியெழுந்த ஊரில் அவன் நிற்கும் நிலையே வேறு. அவன் பின்னர் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது, அங்கே தங்கிப் படிப்பதற்கு அவ்வீட்டில் எவரும் அஞ்சவில்லை.

தங்கல் வேறு, சிறையிருத்தல் வேறு என்பதற்கு நம் அயலிலேயே ஒரு சான்றுண்டு. ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் 1660இற் கொட்டியாரக் குடாவிற் கரையிறங்கிப் பிடிபட்டவர், தப்பியோடியது 1679இல். அவ்வாண்டுகளில் ஒரு பகுதியை அவர் கெலிஓயாவுக்கு அணித்தான எலதெத்தையிற் கழித்தார். பத்தொன்பதாண்டு தங்கியவர் எழுதிய நூலை இன்றும் உலகம் படிக்கிறது.

இறுதியாக நம் பழைய மாணவர்க்கு ஒரு சொல். யூபிலி விழாவுக்குக் கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரவிருப்போர் பலர், கண்டியில் விடுதி பதிந்திருப்பதாகவும் கம்பளைக்கு "ஒரு பகல் வந்து போவதாகவும்" எழுதியிருக்கின்றனர். காலம் எப்படிப் புரண்டுவிட்டது! 1341இல் நான்காம் புவனேகபாகு கம்பளையைத் தலைநகராக்கினான். இவ்வரசின் காலத்தெழுந்த கடலாதெனியாக் கோயிலுக்குக் கணேஸ்வராச்சாரி என்னுந் தென்னாட்டுச் சிற்பி தலைமை தாங்கினான். செங்கடகல என்னும் கண்டி நகர் தோன்றியதே கம்பளை அரசன் மூன்றாம் விக்கிரமபாகுவின் நாளில் என்பர். தம்பியின் வீட்டிற் படுத்துறங்கி, தமையன் வீட்டிற் பகலுணவு மட்டும் அருந்திச் செல்வது முறையாகுமா?

நம்மூரில் நட்சத்திர விடுதிகள் இல்லைதான். ஆயினும் பழைய ஆசிரியர், பழைய வகுப்புத் தோழர் வீடுகளில் அறைகள் உண்டு. எவர் வீட்டில் எத்தனை பேர் தங்கலாம் என்னும் பட்டியல் அலுவலகத்தில் ஆயத்தமாயுள்ளது. மாணவர் நாடகம் இரவு எட்டு மணிக்கே தொடங்கும். கண்டி திரும்புவோர்க்காக அதனை மாலை நான்கு மணிக்கு மாற்றலாகாதா என்று சிலர் கேட்டிருந்தனர். விளக்கொளியில் ஆடவேண்டிய நாடகத்தை வெயிலில் ஆட இயலாதென்று நாடகக் குழு மாணாக்கர் மறுத்துவிட்டனர். அவர்கள் பக்கமே நானும் நின்றேன்.